குளத்தில் எவ்வளவு தண்ணீர் கிடக்கிறது? குமரி மாவட்டத்தில் குளிர்காலப் பறவை பார்க்கும் முறை

நவம்பர் மாத ஞாயிறு ஒன்றில் தேரூர் குளக்கரைக்குப் போனால் தாமரை இலையும் நாலைந்து கொக்கும் தவிர எதுவும் கண்ணில் படாமல் போகலாம். அதே குளத்தில் பிப்ரவரி கடைசியில் கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் இடித்துக்கொண்டு நிற்கும். இடையில் மாறியது தண்ணீரின் ஆழம். "போன வருஷம் இங்கே நிறைய இருந்ததே" என்று அதே கரைக்குத் திரும்பத் திரும்பப் போய் ஏமாறுகிறவர்கள் இந்த ஒன்றைத்தான் கவனிக்கத் தவறுகிறார்கள். குளத்தின் பெயரை வைத்து இடத்தைத் தேர்ந்தெடுக்காமல் அன்றைய நீர்மட்டத்தை வைத்துத் தேர்ந்தெடுத்தால், நாகர்கோவிலிலிருந்து அரைமணி நேரப் பயணத்துக்குள்ளேயே ஒரு காலையில் நாற்பது ஐம்பது வகைப் பறவைகளைப் பார்த்துவிடலாம்.

எந்த ஆழத்துக்கு எந்தப் பறவை என்பது முதலில் மனதில் பதிய வேண்டும். கொசு உள்ளான், பட்டாணி உப்புக்கொத்தி போன்ற சின்னக் கரைப்பறவைகளுக்கு ஈரச்சேறோ, இரண்டு மூன்று சென்டிமீட்டர் தண்ணீரோ போதும். பொறி உள்ளான், பச்சைக்காலி வகைகள் ஐந்திலிருந்து பத்து சென்டிமீட்டர் வரை இறங்கும். நெடுங்கால் உள்ளான் பதினைந்து வரை தாங்கும். நீலச்சிறகியும் ஊசிவால் வாத்தும் முங்கி இரை எடுப்பவை அல்ல. தலையை உள்ளே விட்டு வாலை வானத்துக்குத் தூக்கி அடிச்சேற்றைத் துழாவுகிறவை. கழுத்து எட்டுகிற ஆழம்தான் அவற்றின் எல்லை, ஒரு சாண் முதல் ஒன்றரைச் சாண் வரை. மஞ்சள் மூக்கு நாரையும் கரண்டிவாயனும் நம் முழங்காலுக்குக் கீழே உள்ள தண்ணீரில்தான் நிற்கும். அதைவிட ஆழமானால் முக்குளிப்பான், நீர்க்காகம், பாம்புத்தாரா, நாமக்கோழி. ஆக, கரையிலிருந்து பார்க்கும்போது சேறு எங்கே தெரிகிறது, புல் முனை எங்கே நீருக்கு மேல் நிற்கிறது, நடுவில் தெளிந்த நீர்ப்பரப்பு எவ்வளவு என்று மூன்றையும் கவனித்தாலே அன்றைக்கு என்ன கிடைக்கும் என்று பாதி சொல்லிவிடலாம்.

இந்த மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. போதாததற்குப் பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளிலிருந்து வழக்கமாக ஜூன் 1 முதல் பிப்ரவரி 28 வரை பாசனத்துக்குத் தண்ணீர் விடுவார்கள். அதனால் மற்ற மாவட்டங்களில் குளம் நிரம்பியதும் பறவை வரும் என்கிற கணக்கு இங்கே செல்லாது. நம் குளங்கள் அக்டோபர், நவம்பரில் மறுகால் பாயும் அளவுக்கு நிறைந்துகிடக்கும். நிறைந்த குளம் வாத்துக்கும் உள்ளானுக்கும் ஆகாத குளம்.

மாதவாரியாகச் சொன்னால் இப்படி. செப்டம்பரிலேயே முதல் வரவுகள் தொடங்கிவிடும்: சாதா உள்ளான், பொறி உள்ளான், தகைவிலான், வாலாட்டிகள், பழுப்புக் கீச்சான். அப்போது குளத்தை விட்டுவிட்டு வயலுக்குப் போங்கள். கன்னிப்பூ என்கிற முதல் போக நெல்லை அறுத்து, கும்பப்பூ என்கிற இரண்டாம் போகத்துக்குத் தொழி (சேறாக) உழுது போட்ட வயலில் தண்ணீர் சரியாகக் கணுக்கால் அளவு நிற்கும். டிராக்டருக்குப் பின்னால் உண்ணிக்கொக்கும், அடுத்த வயலில் பொறி உள்ளானும் மேயும். நாற்று நட்டு ஒரு மாதம் ஆனதும் பயிர் மூடிக்கொள்ளும், பறவை வெளியேறிவிடும். நவம்பர் முழுக்கக் கொஞ்சம் பொறுமை வேண்டும். டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி கடைசி வரை நல்ல காலம். மார்ச்சில் கால்வாய் அடைத்த பிறகு குளம் வற்ற வற்ற மீன் ஒரு பள்ளத்தில் ஒதுங்கும்; பெரிய பறவைகள் ஒரே இடத்தில் குவிவது அப்போதுதான். கரைப்பறவைகளில் பல மார்ச் கடைசியில் இனப்பெருக்க நிறம் ஏறி, அடையாளமே மாறி நிற்கும். ஏப்ரலில் பெரும்பாலானவை கிளம்பிவிடும்.

எங்கே போவது

சுசீந்திரம் குளமும் தேரூர் குளமும் சேர்ந்த பகுதி 2022-ல் ராம்சார் தலமாக, அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது, பரப்பு 94 ஹெக்டேர். நாகர்கோவிலை ஒட்டிய வேம்பனூரும் அதே ஆண்டில் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. அது சிறியது, 20 ஹெக்டேருக்குச் சற்றுக் குறைவு. சுசீந்திரம் குளம் நாகர்கோவில் – கன்னியாகுமரி சாலை ஓரத்திலேயே கிடக்கிறது. கன்னியாகுமரி போகும் பேருந்தில் ஏறிச் சுசீந்திரத்தில் இறங்கினால் நடந்தே எட்டலாம். வசதி எவ்வளவோ ஆபத்தும் அவ்வளவு: கண் பைனாகுலரில் இருக்கும்போது கால் தானாகப் பின்னால் நகரும். தார்ச்சாலையிலிருந்து நாலடி உள்ளே, கரைச்சரிவில் நில்லுங்கள்.

தேரூர், கவிமணி பிறந்த ஊர், தாமரைக் குளம். வாத்து பார்க்க வந்தவர்கள் தாமரையைப் பார்த்துச் சலித்துக்கொள்வார்கள், ஆனால் இலைக்கோழியும் நீலக்கோழியும் குள்ளத்தாராவும் இருப்பது அந்த இலைக்காட்டில்தான். வாத்து இறங்குவதற்கு இலை மூடாத நீர்ப்பரப்பு வேண்டும். குளத்தில் பூ எடுக்கிறவர்கள் வள்ளத்தில் போய்வந்த தடம் தெளிந்த வாய்க்கால் மாதிரி தெரியும், அதன் இரு ஓரமும் முதலில் பார்க்க வேண்டிய இடம். ஆகாயத்தாமரை மூடிவிட்ட பகுதியில் அதிக நேரம் செலவழிக்க வேண்டாம். கம்புள் கோழியும் குருட்டுக்கொக்கும் தவிர அங்கே அதிகம் தேறாது.

பழையாறு நகரைத் தொட்டு ஓடும் ஒழுகினசேரிப் பக்கம் யாரும் பறவை பார்க்கப் போவதில்லை. மூக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டிய இடம் என்பது உண்மை. ஆனால் சாக்கடை கலக்கும் நீரில் புழு அதிகம், புழு இருக்கும் இடத்தில் வாலாட்டியும் பச்சை உள்ளானும் நெடுங்கால் உள்ளானும் இருக்கும். வேலைக்குப் போகும் வழியில் பாலத்தில் பத்து நிமிடம் நின்று எண்ணுகிற பழக்கம் வைத்துக்கொண்டால், எந்தப் பறவை எந்த வாரம் வந்தது என்று மற்ற எல்லோருக்கும் முன்னால் உங்களுக்குத்தான் தெரியும்.

அதே பழையாறு கடலில் சேரும் இடம் மணக்குடி. கீழமணக்குடிக்கும் மேலமணக்குடிக்கும் நடுவே பொழி, அதாவது ஆறு கடலில் கலக்கும் வாய். பொழி திறந்து கிடந்தால் கடலின் ஏற்ற இறக்கம் காயலுக்குள் வரும், வற்றத்தில் (நீர் இறங்கும்போது) சேற்றுத்திட்டுகள் தலை தூக்கும்; உள்ளான் கூட்டம் அந்தத் திட்டுகளில்தான் மேயும். நம் கடற்கரையில் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவு என்பதால் திட்டு தெரிவதும் மறைவதும் சில விரற்கடை வித்தியாசத்தில். குளச்சலுக்கான ஓத (கடல் ஏற்ற இறக்க) அட்டவணையைப் பார்த்து, தாழ்ந்த நேரத்துக்கு ஒரு மணி முன்னால் போய் நிற்பது நல்லது. நேற்று ஏழு மணிக்கு வற்றம் என்றால் இன்றைக்கு ஏழு ஐம்பது வாக்கில். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் திட்டு அதிகம் தெரியும். பொழி மணல் அடைத்துக் கிடந்தாலோ இந்த அட்டவணையால் ஒரு பயனும் இல்லை. காயல் நிறைந்து திட்டெல்லாம் முங்கியிருக்கும். அப்போது நேராகப் புத்தளம், சாமித்தோப்புப் பக்கத்து உப்பளங்களுக்குத் திரும்பிவிடுங்கள். கிளம்புமுன் மணக்குடியில் யாராவது மீனவரிடம் "பொழி வெட்டியாச்சா அண்ணே" என்று ஒரு போன் போட முடிந்தால் பெட்ரோல் மிச்சம்.

உப்பளம் மழைக்காலத்தில் உப்பு விளைச்சல் இல்லாமல் மழைநீர் தேங்கிய பாத்திகளாகக் கிடக்கும். பாத்திக்குப் பாத்தி ஆழம் வேறு வேறு என்பதால் ஒரே இடத்தில் கொசு உள்ளான் முதல் நாரை வரை கிடைக்கும். சில ஆண்டுகளில் பூநாரையும் வந்து நிற்கும். உப்பளம் தனியார் வேலையிடம். வாசலில் இருப்பவரிடம் கேட்டுவிட்டு உள்ளே போங்கள், பாத்தி வரப்பில் கால் வைக்காமல் லாரி போகும் தடத்தில் மட்டும் நடங்கள். வரப்பு மேலே காய்ந்து தெரிந்தாலும் உள்ளே களி. உடைந்தால் அவர்களுக்கு அரைநாள் வேலை. ஒன்பதரை மணிக்கு மேல் உப்பளத்தில் கானல் கிளம்பும். பிறகு எவ்வளவு விலை உயர்ந்த கருவி வைத்திருந்தாலும் பறவை தண்ணீருக்குள் ஆடுகிற மாதிரிதான் தெரியும். அதனால் உப்பளம் முதலில், குளம் பிறகு.

வெளிச்சத்தை எங்கே வைப்பது

இது சின்ன விஷயம்போலத் தோன்றும், பாதித் தவறான அடையாளங்கள் இதனால்தான் வருகின்றன. டிசம்பர், ஜனவரியில் சூரியன் தென்கிழக்கில் உதித்து, உச்சிவேளையிலும் தெற்கே சாய்ந்தே நின்று, தென்மேற்கில் மறைகிறது. எனவே குளத்தின் தென்கரையில் நின்று வடக்கே பார்த்தால் காலை முதல் மாலை வரை வெளிச்சம் உங்கள் முதுகுக்குப் பின்னால்தான். காலையில் தென்கிழக்கு மூலை, மாலையில் தென்மேற்கு மூலை என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். மணக்குடிப் பாலத்தில் காலையில் நின்று கடல்பக்கம் பார்த்தால் எல்லாப் பறவையும் கறுப்பு நிழல். திரும்பிக் காயல்பக்கம் பார்த்தால் அதே நேரத்தில் கால் நிறம்கூடத் தெரியும். பொழிமுகத்து ஆலாக்களை, மணல்திட்டின் கடலோரத்துக்குச் சுற்றிப் போய் உள்நோக்கிப் பார்ப்பதுதான் சரி.

சூரிய உதயம் டிசம்பர் கடைசியில் சுமார் 6.30, ஜனவரி கடைசியில் 6.40. கரையில் 6.15-க்கு நின்றுவிட வேண்டும். மாலையில் 5.45-க்குமேல் கொக்கும் அரிவாள் மூக்கனும் அடையப் போகும் வரிசையை எண்ணலாம்.

கருவி

முதல் பைனாகுலருக்கு 8×42 எடுங்கள். எட்டு என்பது எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, நாற்பத்திரண்டு முன்கண்ணாடியின் விட்டம் மில்லிமீட்டரில். குளத்துக்கு 10×42 நல்லது என்று கடையில் சொல்வார்கள், தவறில்லை. ஆனால் கடல்காற்றில் பத்து மடங்கு, கை நடுக்கத்தையும் பத்து மடங்காக்கும். 10×25 மடக்குக் கருவி அதிகாலையில் இருட்டடிக்கும், வாங்காதீர்கள். 20×, 30× என்று எழுதி மலிவாக விற்பவை பொம்மை.

கண்ணுக்குச் சரிசெய்யாமலே வருடக்கணக்கில் பயன்படுத்துகிறவர்கள் உண்டு. இரண்டு குழலையும் விரித்துச் சுருக்கி ஒரே வட்டமாகத் தெரிய வையுங்கள். வலப்பக்க முன்கண்ணாடியைக் கையால் மூடி, இடக்கண்ணால் தூரத்துப் பெயர்ப்பலகை ஒன்றை நடுச்சக்கரத்தால் தெளிவாக்குங்கள். இப்போது இடப்பக்கத்தை மூடி, நடுச்சக்கரத்தைத் தொடாமல், வலக்கண் அருகே உள்ள வளையத்தை மட்டும் திருகி அதே பலகையைத் தெளிவாக்குங்கள். வளையம் நிற்கும் கோட்டைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். இனி நடுச்சக்கரம் மட்டும் போதும். மூக்குக்கண்ணாடி போடுகிறவர்கள் ரப்பர் கண்கிண்ணத்தை மடக்கி அல்லது உள்ளே திருகி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் நடுவில் ஒரு சின்ன வட்டம்தான் தெரியும். பறவையைக் கருவிக்குள் பிடிக்கத் தெரியாமல் தடுமாறினால், பார்வையைப் பறவைமேலேயே வைத்துக்கொண்டு கருவியைக் கண்ணுக்குக் கொண்டுவாருங்கள். குனிந்து கருவியைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தால் பறவை தொலைந்துவிடும்.

உப்பளத்துக்கும் பொழிமுகத்துக்கும் 20–60 மடங்கு ஸ்பாட்டிங் ஸ்கோப் (முக்காலியில் வைக்கும் ஒற்றைக்குழல் தொலைநோக்கி) இருந்தால் பெரிய உதவி. நாலு பேர் சேர்ந்து ஒன்று வாங்கலாம். நாளெல்லாம் இருபது மடங்கிலேயே தேடி, சந்தேகம் வந்தால் மட்டும் கூட்டுங்கள்.

தடுமாற வைக்கும் பறவைகள்

நவம்பரில் வரும் வாத்துகளில் ஆணையும் பெண்ணையும் பிரிக்க முயன்று நேரத்தை வீணாக்காதீர்கள். இனப்பெருக்கம் முடிந்து இறகு உதிர்த்த ஆண் வாத்துகள் பெண்ணைப் போலவே பழுப்பாக வந்திறங்கும். டிசம்பர் போய் ஜனவரியில்தான் படத்தில் இருக்கும் நிறம் வரும். அதுவரை உருவத்தை நம்புங்கள். ஊசிவால் வாத்துக்கு மெலிந்த நீண்ட கழுத்து, சாம்பல் அலகு. நீலச்சிறகி சிறியது, முகத்தில் கண்வழியே இருண்ட கோடு, அதன் மேலே வெளிர் புருவம், அலகின் அடியில் வெளிர் புள்ளி. தட்டைவாயன் தலையைவிட நீளமான, முனை அகன்ற அலகை நீர்மேல் வைத்துத் தேய்த்துக்கொண்டே நீந்தும், சில நேரம் பலவும் சேர்ந்து வட்டமடிக்கும். சீழ்க்கைச் சிரவி நம் ஊர்க்காரர். பறக்கும்போது தலை தாழ்ந்து, கால் வாலுக்குப் பின்னால் நீண்டு, விசிலடித்துக்கொண்டே போகும்.

அறுவடை முடிந்த வயலில் ஆயிரக்கணக்கில் வாத்து நிற்கிறது என்று பதறி யாராவது செய்தி அனுப்பினால், பக்கத்தில் கம்புடன் ஓர் ஆள் நிற்கிறாரா என்று கேளுங்கள். மேய்ச்சலுக்கு ஓட்டிவந்த வீட்டுத் தாராவாக இருக்கும். வீட்டுத் தாராவின் உடம்பு நிமிர்ந்து, பின்புறம் கனத்துத் தொங்கும். கூட்டத்தில் வெள்ளையும் திட்டுத்திட்டான நிறமும் கலந்திருக்கும்.

நீளவால் இலைக்கோழிக்குக் குளிர்காலத்தில் அந்த நீளவால் இருக்காது. பெயரை நம்பி வாலைத் தேடினால் குளத்தில் நூறு இருந்தாலும் ஒன்றுகூட அகப்படாது. தாமரை இலைமேல் நடக்கிற பழுப்புநிறப் பறவையின் கழுத்துப் பக்கத்தைப் பாருங்கள்: மங்கிய மஞ்சள் பட்டை, அதை ஒட்டிக் கண்ணிலிருந்து மார்புவரை இறங்கும் கறுப்புக் கோடு, கீழே வெள்ளை. ஒவ்வோர் அடிக்கும் நீண்ட விரல்கள் விரிந்து இலை ஓரம் நீரில் லேசாக அமுங்கும், முழுகாது. அது பறந்தால் சிறகு பளிச்சென்று வெள்ளை. வெண்கலச்சிறகு இலைக்கோழி பறந்தால் சிறகு இருண்டிருக்கும்.

உள்ளான்களில் மூன்றைப் பிரிக்கப் பழகினால் மற்றவை தாமாக வரும். சாதா உள்ளான் ஓயாமல் பின்பக்கத்தை ஆட்டும். மார்பின் பழுப்புத் திட்டுக்கும் மடித்த சிறகுக்கும் நடுவே வெள்ளை ஓர் ஆப்புபோல மேலேறும். பறக்கும்போது நீரை ஒட்டி, சிறகை வளைத்துத் துடிதுடிக்கவைத்து, நடுநடுவே வழுக்கிப் போகும். பச்சை உள்ளானும் பொறி உள்ளானும் பறந்தால் இரண்டுக்கும் பிட்டம் வெள்ளைதான், குழப்பம் அங்கேதான். சிறகின் அடிப்பக்கத்தைப் பாருங்கள்: பச்சை உள்ளானுக்குக் கிட்டத்தட்டக் கறுப்பு, பொறி உள்ளானுக்கு வெளிர்நிறம். உட்கார்ந்திருந்தால் புருவம்: பொறி உள்ளானுக்குக் கண்ணைத் தாண்டிப் பின்னால் நீளும், பச்சை உள்ளானுக்குக் கண்ணுக்கு முன்னாலேயே நின்றுவிடும். பொறி உள்ளானின் முதுகில் புள்ளி அதிகம், கால் மஞ்சள். இதோடு இன்னொரு நடைமுறைக் குறிப்பு: பச்சை உள்ளான் தனிக்காட்டு ராஜா, ஓடையோரம் ஒன்றே ஒன்றாக இருக்கும், பொறி உள்ளான் வயலில் ஐந்தும் பத்துமாக.

உப்புக்கொத்திகளில், கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையம் இருந்தால் சிறு பட்டாணி உப்புக்கொத்தி. மார்புப்பட்டை நடுவில் அறுந்து, கழுத்தைச் சுற்றி வெள்ளைக் காலர் இருந்தால் கென்டிஷ் உப்புக்கொத்தி. காலரே இல்லாமல் மார்பில் பழுப்பு இருந்தால் மணல் உப்புக்கொத்தி. கொசு உள்ளானுக்குக் கறுப்புக் கால்; அதே அளவில் கால் மஞ்சளாக இருந்தால் வேறு வகை, நின்று பாருங்கள்.

வெள்ளைக் கொக்கு எல்லாம் ஒன்றல்ல என்பது எல்லோருக்கும் தெரியும், பிரிக்கத்தான் சோம்பல். கறுப்பு அலகு, கறுப்புக் கால், மஞ்சள் பாதம் என்றால் சின்னக்கொக்கு. சேற்றில் நிற்கும்போது பாதம் தெரியாது, நடக்கும்வரை காத்திருங்கள். மஞ்சள் அலகுள்ள இரண்டில், வாயின் கோடு கண்ணைத் தாண்டிப் பின்னால் போனால் பெரிய கொக்கு, கண்ணுக்குக் கீழேயே முடிந்தால் நடுக்கொக்கு. குட்டையான கழுத்தும் தடித்த தாடையும் உண்ணிக்கொக்கு.

மணக்குடி மணல்திட்டில் ஆலாக்களும் கடற்காகங்களும் காற்றைப் பார்த்து ஒரே திசையில் முகம் வைத்து நிற்கும். அளவை ஒப்பிட இதைவிட நல்ல வாய்ப்பு கிடையாது. பருத்த சிவப்பு அலகு என்றால் காஸ்பியன் ஆலா, ஆரஞ்சு அலகு சிறிய கொண்டை ஆலா, மஞ்சளோடிய அலகு பெரிய கொண்டை ஆலா, தடித்த குட்டைக் கறுப்பு அலகு பருத்த அலகு ஆலா. குளங்களின்மேல் தாழப் பறந்து நீரைத் தொட்டுத் தொட்டு எடுப்பது மீசை ஆலா. மீசையைத் தேடாதீர்கள், அது இனப்பெருக்க நிறத்தில்தான். புயலோ பலத்த காற்றோ அடித்து ஓய்ந்த மறுநாள் காலையில் கடற்கரைக்குப் போய்ப் பாருங்கள், நடுக்கடல் பறவைகள் ஒதுங்கியிருக்கலாம்.

எண்ணுவது எப்படி

"நிறைய" என்று எழுதினால் அந்தக் குறிப்புக்கு மதிப்பில்லை. கரைக்குப் போனதும் உட்கார்ந்து பதினைந்து நிமிடம் சும்மா பாருங்கள். நீங்கள் வந்ததில் ஒளிந்தவை அதற்குள் வெளியே வரும். பிறகு இடமிருந்து வலமாக ஒரே ஒரு முறை எண்ணுங்கள். திரும்பி வரும்போது இன்னொரு வகை. ஐம்பதுக்குள் என்றால் ஒவ்வொன்றாக. அதற்கு மேல் என்றால் பத்தை எண்ணி, அந்தப் பத்து கருவியின் வட்டத்தில் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று பார்த்து, அந்த அளவுகோலை நகர்த்துங்கள். ஊசிவால் வாத்துக் கூட்டம் ஒன்று ஏழு வட்டம் நீளுகிறது, ஒவ்வொரு வட்டத்திலும் சுமார் நான்கு பத்து என்றால் 280. கூட்டம் நடுவில் அடர்த்தி, ஓரத்தில் நெகிழ்வு என்பதால் அளவுகோலை நடுவிலும் ஓரத்திலும் தனித்தனியாக எடுங்கள். நடுவின் அடர்த்தியை வைத்து முழுவதையும் பெருக்கி இரட்டிப்பாக எழுதுவதுதான் புதியவர்கள் செய்யும் வழக்கமான பிழை.

எண்ணிக்கொண்டிருக்கும்போது மொத்தக் கூட்டமும் திடுமென எழும்பினால் வாத்தைப் பார்க்காதீர்கள், மேலே பாருங்கள். சேற்றுப் பூனைப்பருந்து சிறகை ஆங்கில வி எழுத்துபோல உயர்த்தி நாணல்மேல் தாழ வந்துகொண்டிருக்கும். பருந்து போனபின் பாதிக் கூட்டம் அடுத்த குளத்தில் இறங்கும். அங்கே போய் மறுபடி எண்ணினால் ஒரே பறவை இரண்டு கணக்கில் ஏறும். எழும்பிப் போன திசையையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

குறிப்பில் இருக்க வேண்டியவை: தேதி, தொடங்கிய முடித்த நேரம், குளம், நின்ற கரை, நீர்மட்டம், வகைவாரி எண்ணிக்கை. நீர்மட்டத்தை அடியில் அளக்க வேண்டாம். "மடைக்கல்லின் மூன்றாம் படி வரை" என்று ஒரே அடையாளத்தை எப்போதும் எழுதினால் அடுத்த வருடம் ஒப்பிடலாம். பறவைக் குறிப்புகளைப் பதிந்து வைக்கும் இ-பேர்ட் செயலியில் ஏற்றுவதானால் ஒரு குளத்துக்கு ஒரு பட்டியல், ஒரு மணி நேரத்துக்குள். காகம், மைனா உட்பட அடையாளம் தெரிந்த எல்லாவற்றையும் சேர்த்தால்தான் அது முழுப்பட்டியல். அரிய பறவையை மட்டும் போட்டால் அது இருந்ததற்கான சான்று ஆகும், மற்றவை இல்லாததற்கான சான்று ஆகாது. மெர்லின் செயலியின் ஒலி அடையாளத்தை ஒரு துப்பாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்; பறவையைக் கண்ணால் பார்க்காமல் பட்டியலில் ஏற்ற வேண்டாம். ஜனவரியில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பும் பொங்கல் நாட்களில் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பும் நடக்கும். எண்ணிப் பழகியவர்களோடு ஒரு காலை நின்றால் ஒரு மாதப் பயிற்சி.

காலில் வளையமோ நிறக்கொடியோ உள்ள பறவை தென்பட்டால், எந்தக் கால், முட்டிக்கு மேலா கீழா, நிறம், எழுத்து, இதே வரிசையில் உடனே எழுதுங்கள். பறவையின் வலக்கால், உங்களுக்கு வலப்பக்கம் தெரிவது அல்ல.

கெடுக்கக்கூடிய சங்கதிகள்

வாத்து கழுத்தை நிமிர்த்தி, மேய்வதை விட்டு, உங்களிடமிருந்து விலகி நீந்தத் தொடங்கினால் நீங்கள் ஏற்கெனவே மிகக் கிட்டே போய்விட்டீர்கள். பத்தடி பின்வாங்கி உட்காருங்கள். கரையில் நிற்கும் ஆளைவிடக் குந்தியிருக்கும் ஆளைப் பறவை அதிகம் பொறுக்கும்; கரைமேட்டில் வானத்தை முதுகாக வைத்து நிற்பதுதான் எல்லாவற்றிலும் மோசம். நல்ல படத்துக்காகக் கல்லெறிந்து பறக்கவிடுகிறவர்களோடு சேராதீர்கள். இமயத்துக்கு அப்பாலிருந்து வந்த பறவை இங்கே கொழுப்பு சேர்த்துக்கொண்டிருக்கிறது. எழும்பும் ஒவ்வொரு முறையும் அதற்குச் செலவு. பறவைக் குரலை ஒலிக்கவிட்டு இழுப்பதும் வேண்டாம்.

குளம் மீன்பாசிக்கும் தாமரைக்கும் குத்தகை போன இடம். குத்தகைக்காரருக்கு நீர்க்காகம் நட்டக்கணக்கு. அவர் வெடி போட்டால் சண்டைக்குப் போகாமல் முதலில் பேசிப் பழகுங்கள். எந்த மூலையில் என்ன இறங்குகிறது என்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் கிடையாது. பறவைக்கென்று வலை கட்டியிருந்தாலோ, கண்ணி வைத்திருந்தாலோ கதை வேறு. 1972-ம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். வலையைத் தொடாமல் இடத்தோடு படமெடுத்து வனத்துறைக்குச் சொல்லுங்கள். செத்துக்கிடக்கும் பறவைகளையும் கையால் தொடக் கூடாது, ஒரே இடத்தில் பல கிடந்தால் அதையும் வனத்துறைக்கும் கால்நடை மருத்துவமனைக்கும் தெரிவிக்க வேண்டும்.

கரைப்புல்லில் கண்ணாடிவிரியன் இருக்கும் என்று எண்ணியே நடங்கள்: மூடிய ஷூ, முழுக்கால் பேன்ட், கையில் கம்பு. அதிகாலைப் பனியில் கால் நனையும், மாற்றுச் சாக்ஸ் ஒன்று பையில் இருக்கட்டும். தண்ணீர் ஒரு லிட்டர், தொப்பி, பென்சில். பேனா ஈரத்தாளில் எழுதாது.

கடற்கரை அல்லது உப்பளத்திலிருந்து திரும்பிய அன்றே கருவியைத் துடைத்துவிட வேண்டும். முதலில் ரப்பர் ஊதியால் தூசியை ஊதி, பிறகு சுத்தமான நீரில் நனைத்துப் பிழிந்த லென்ஸ் துணியால் உப்பை ஒற்றி, கடைசியில் காய்ந்த துணி. சட்டை நுனியாலோ வேட்டி நுனியாலோ நேராகத் துடைத்தால் உப்புத் துகளே கண்ணாடியைக் கீறும். நம் ஊர் ஈரக்காற்றில் துணிப்பையில் வைத்தால் ஒரே மழைக்காலத்தில் உள்கண்ணாடியில் பூஞ்சை படியும். மூடி இறுகிய டப்பாவில் சிலிகா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டு வையுங்கள், மணி நிறம் மாறினால் வாணலியில் இளஞ்சூட்டில் வறுத்து மறுபடி போடலாம்.